பறைக்கு இடம் இருக்கிறது, ஆசானுக்கு?

மதுரையில் ஏதாவது ஒரு கல்லூரியில் பொங்கல் விழாவோ ஆண்டு விழாவோ நடக்கும் நாளில் வாசலில் போய் நின்றால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். ஏழெட்டுப் பேர் பறையோடு காத்திருப்பார்கள். ஓரமாகக் கொஞ்சம் வைக்கோலும் பழைய பேப்பரும் போட்டுக் கொளுத்தி, பறைக்குச் சூடு காட்டிக்கொண்டிருப்பார்கள். சிறப்பு விருந்தினரின் கார் வந்து கதவு திறந்ததும் அடி ஆரம்பிக்கும். முன்னால் பறை, பின்னால் விருந்தினர், அவருக்குப் பின்னால் முதல்வரும் பேராசிரியர்களும். மாணவர்கள் விசில் அடிப்பார்கள், செல்போனில் படம் எடுப்பார்கள். ஊர்வலம் அரங்க வாசல் வரை போகும். அங்கே அடி நின்றுவிடும். உள்ளே குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை என்று விழா நடக்கும். பறை அடித்தவர்கள் வெளியே மரத்தடியில் டீ குடித்துவிட்டு, பேசிய பணத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள்.

இதைப் பார்த்துவிட்டு, "பறை இப்போ காலேஜுக்குள்ளேயே வந்துடுச்சு, காலம் மாறிடுச்சு" என்று சொல்பவர்கள் உண்டு. காலம் கொஞ்சம் மாறியிருப்பது உண்மைதான். முப்பது நாற்பது வருடத்துக்கு முன்னால் இதே பறையைச் சாவு வீட்டு வாசலிலும் கோயில் கொடைக்கு வெளியிலும் மட்டும்தான் பார்த்திருக்க முடியும். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. வாசலில் வரவேற்க வந்த பறை, வகுப்பறைக்குள் ஒரு பாடமாக வர முடியுமா? வந்தால் அதை நடத்துவது யார்?

இந்தக் கேள்வியைத் தமிழ்நாடு மட்டும் சந்திக்கவில்லை. அமெரிக்காவில் புளூகிராஸ் என்று ஓர் இசை இருக்கிறது. அப்பலாச்சியன் மலைப் பகுதி, கென்டக்கி, டென்னசி போன்ற இடங்களின் ஏழை விவசாயிகளும் சுரங்கத் தொழிலாளிகளும் கேட்டு வளர்ந்த பாட்டு. பாஞ்சோ, ஃபிடில், மாண்டலின், கிதார், பெரிய பேஸ் என்று எல்லாமே தந்திக் கருவிகள். இந்த இசைக்கு அப்பா என்று சொல்லப்படுபவர் பில் மன்றோ. கென்டக்கியில் 1911ல் பிறந்தவர். அவருடைய 'புளூ கிராஸ் பாய்ஸ்' குழுவின் பெயர்தான் பிறகு இசைக்கே பெயரானது. 1945 கடைசியில் எர்ல் ஸ்க்ரக்ஸ் என்ற இளைஞர் மூன்று விரலால் பாஞ்சோ மீட்டும் தன் பாணியோடு அந்தக் குழுவில் சேர்ந்த பிறகுதான் இன்று கேட்கும் புளூகிராஸ் உருவானது.

நகரத்து ஆட்கள் இதை "மலைக்காட்டான் பாட்டு" என்று கேலி செய்தார்கள். நம்ம ஊரில் "பட்டிக்காட்டுப் பாட்டு" என்று சொல்வதைப் போலத்தான். ஆனால் 1982ல் டென்னசி மாநிலத்தில் ஜான்சன் சிட்டி என்ற ஊரில் உள்ள கிழக்கு டென்னசி மாநிலப் பல்கலைக்கழகம் புளூகிராஸுக்கு ஒரு பாடத்திட்டம் தொடங்கியது. அதைத் தொடங்கியவர் ஜாக் டாட்டில். அவரே மாண்டலின் வாசிக்கும் கலைஞர். மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து வாசிப்பதற்கே மதிப்பெண் உண்டு. பிறகு அது முழுப் பட்டப் படிப்பாகவே வளர்ந்தது. பெற்றோரிடம் "நான் காலேஜில் பாஞ்சோ படிக்கிறேன்" என்று சொன்ன பிள்ளைக்கு என்ன பதில் கிடைத்திருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. மதுரையில் "பறை படிக்கப் போறேன்" என்று சொன்னால் கிடைக்கும் பதில்தான் அங்கேயும் கிடைத்திருக்கும்.

சரி, இங்கே என்ன நடந்தது? நாட்டுப்புறப் பாடல் தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்குள் வரவே இல்லை என்று சொல்ல முடியாது. வந்தது. ஆனால் எழுத்தாக வந்தது. நா. வானமாமலை போன்றவர்கள் ஊர் ஊராகத் திரட்டிய பாடல்கள் புத்தகமாயின. அதன் பிறகு எம்.ஏ. தமிழில் நாட்டுப்புறவியல் என்று ஒரு தாள் வந்தது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் அதற்கென்று ஒரு துறையே உருவானது. பெரிய காரியங்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் சாதாரணக் கல்லூரி ஒன்றில் அந்தத் தாளை எழுதும் மாணவனைக் கேட்டுப் பாருங்கள். தாலாட்டின் வகைகள் என்ன, ஒப்பாரியின் கூறுகள் என்ன என்று பத்து மதிப்பெண்ணுக்கு அழகாக எழுதிவிடுவான். ஒரு ஒப்பாரியை எந்த இழுப்பில் எடுக்க வேண்டும், எங்கே மூச்சு வாங்க வேண்டும், எந்த இடத்தில் பறை நின்று பாட்டுக்கு வழிவிட வேண்டும் என்று கேட்டால் தெரியாது. பாட்டின் சொற்கள் உள்ளே வந்தன, மெட்டும் அடியும் வெளியே நின்றுவிட்டன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்.

இதற்கு விதிவிலக்காக மதுரையிலேயே சிலர் இருந்தார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நாட்டுப்புறக் கலைகளைக் கற்பித்த விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன், தன் கணவரோடு சேர்ந்து பாடல்களைத் தேடித் தொகுத்தார், மேடையேறிப் பாடவும் செய்தார். 2018ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சிவகங்கைப் பக்கம் மாரந்தையில் பிறந்த கே.ஏ. குணசேகரன் 'தன்னானே' குழுவைக் கட்டி ஊர் ஊராகப் பாடினார், பிறகு புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துறைப் பேராசிரியராக இருந்தார். 2016ல் மறைந்தார். இவர்கள் இருவரிடமும் பட்டம் இருந்தது, பாட்டும் இருந்தது. இரண்டும் ஒரே ஆளிடம் அமைவது அபூர்வம்.

இசைக்கென்றே இருக்கும் கல்லூரிகளின் கதை வேறு. மதுரையில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. குரலிசை, வீணை, வயலின், மிருதங்கம், நாதஸ்வரம், தவில், பரதநாட்டியம் என்று போகும் இந்த வகைக் கல்லூரிகளின் முதன்மைப் பாடங்கள். இதில் நாதஸ்வரமும் தவிலும் இருப்பது கவனிக்க வேண்டிய விஷயம். அவையும் ஒரு காலத்தில் வீதியில், கோயில் பிராகாரத்தில் வாசிக்கப்பட்டவைதானே? தவில் ஏறிய படியில் பறை ஏன் ஏறவில்லை? இரண்டுமே தோல் கருவிதான். இரண்டிலும் கணக்கு உண்டு, இரண்டுக்கும் பரம்பரை உண்டு. பதில் எல்லோருக்கும் தெரியும். யாருக்கும் வாயால் சொல்லப் பிடிக்காது. பறை யார் தோளில் தொங்கியது என்பதுதான் பதில்.

அண்மை ஆண்டுகளில் அரசு இசைப் பள்ளிகள் சிலவற்றில் பகுதி நேரமாக நாட்டுப்புறக் கலைப் பயிற்சி நடக்கிறது. நல்ல தொடக்கம்தான். ஆனால் முழு நேரம் மிருதங்கம், பகுதி நேரம் பறை என்ற அந்த வரிசையிலேயே ஒரு செய்தி இருக்கிறது.

மதுரையில் இந்த வரிசையைக் கலைத்துப் பார்த்த கல்லூரி ஒன்று உண்டு. அது இசைக் கல்லூரி கிடையாது. அரசரடியில் இருக்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரி. போதகராகப் போகிறவர்கள் படிக்கும் இடம். 1969ல் தொடங்கப்பட்டது. அங்கே ஆசிரியராக இருந்தவர் தியோபிலஸ் அப்பாவு. 1940ல் பிறந்து 2005ல் மறைந்தவர். 'பரட்டை அண்ணன்' என்று தானே பெயர் வைத்துக்கொண்டவர். டாக்டர் ரெவரெண்ட் என்று வணங்கப்பட வேண்டியவர் பரட்டை என்று பெயர் வைத்துக்கொண்டதிலேயே அவர் யார் பக்கம் நின்றார் என்று தெரிந்துவிடும்.

தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் ஏற்கனவே இரண்டு வகை இசை இருந்தது. ஒன்று, மிஷனரிகள் கொண்டுவந்த மேல்நாட்டு ஞானப்பாட்டு. இன்னொன்று, வேதநாயக சாஸ்திரியார் காலத்திலிருந்து வரும், கர்நாடக இசையை ஒட்டிய கீர்த்தனை. கோயிலுக்குள் இந்த இரண்டுக்கும் மரியாதை உண்டு. ஊருக்குள் மக்கள் நடவு நடும்போதும் குலவை போடும்போதும் பாடிய மெட்டுக்கு அங்கே இடமில்லை. பறைக்குச் சுத்தமாக இடமில்லை. அப்பாவு இதைத்தான் திருப்பிப் போட்டார். கும்மி மெட்டு, ஒயிலாட்ட மெட்டு, கிராமத்துப் பேச்சு, பறை, உறுமி எல்லாவற்றையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். முழு ஆராதனை முறையையே கிராமிய இசையில் அமைத்தார். 'மாற்றத்துக்கான நாட்டார் வழக்காறு' என்ற கருத்தை விளக்கி 1986ல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகமும் எழுதினார். 1990களில் அந்தக் கல்லூரியின் தலித் ஆதார மையம் நடத்திய கலை விழாக்களில் பறை விருந்தினரை வரவேற்றுவிட்டு வெளியே போகவில்லை. விழாவே பறைதான்.

அப்பாவுவின் வாதம் எளிமையானது. கீர்த்தனையைத் தப்பாகப் பாடினால் திருத்த ஒரு வித்வான் வருவார். நாட்டுப்புறப் பாட்டை மாற்றிப் பாடினால் அது தப்பில்லை, அதுதான் அதன் இயல்பு. கூட்டமாகப் பாடலாம், தனக்கு வேண்டிய வரியைச் சேர்க்கலாம், பிடிக்காததை விட்டுவிடலாம். அதனால் ஒடுக்கப்பட்ட ஒருவன் தன் நிலைமையைத் தானே பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான இசை கிடையாது என்றார். மாணவர்கள் அந்தப் பாட்டுகளைக் கேசட்டிலும் தொண்டையிலும் கிராமங்களுக்கு எடுத்துப் போனார்கள். கிராமத்தார் அதை மாற்றிப் பாடினார்கள். மாற்றியதை அவர் ஏற்றுக்கொண்டார்.

இந்தக் கதையைக் கேட்டு அமெரிக்காவிலிருந்து ஸோயி ஷெரினியன் என்ற இசை ஆய்வாளர் மதுரைக்கு வந்து அவரிடம் படித்தார். 2014ல் அப்பாவுவின் இசையைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அதற்கு முன்பே, சிவகங்கை மாவட்டத்து முனைவென்றி கிராமத்துப் பறைக் கலைஞர்களிடம் மாணவியாக உட்கார்ந்து பறை கற்று, 2011ல் அவர்களைப் பற்றி ஆவணப்படமும் எடுத்தார். கடல் தாண்டி வந்த பேராசிரியர், முனைவென்றிக்காரர்களை 'ஆசான்' என்று ஏற்று அடி கற்றிருக்கிறார். முனைவென்றியிலிருந்து பஸ் ஏறினால் வந்துவிடும் தூரத்தில் இருக்கும் கல்லூரிகளில் அந்த ஆசான்களுக்கு ஒரு நாற்காலி இருக்கிறதா?

சொல்ல வந்த விஷயம் இதுதான். பறை கல்லூரிப் பாடமாக வரவேண்டும். ஆனால் ஆசானோடு வரவேண்டும். ஆசானை வாசலில் விட்டுவிட்டுப் பறையை மட்டும் உள்ளே எடுத்துக்கொள்வதாக இருந்தால், அது வராமலே இருக்கலாம்.

இதற்கு மூன்று எதிர்ப்புகள் வரும். மூன்றையும் மதித்துப் பதில் சொல்ல வேண்டும்.

முதல் எதிர்ப்பு: நாட்டுப்புறக் கலையைக் கல்லூரிக்குள் அடைத்தால் செத்துப்போகும். சிலபஸ், செமஸ்டர், இன்டர்னல் மார்க் என்று போனால் பறை தன் உயிரை இழந்துவிடும். இதில் உண்மை இருக்கிறது. ஒரே அடியை ஒரே வேகத்தில் நாற்பது பேர் அடித்து மார்க் வாங்குவது பறை ஆகாது. ஆனால் கல்லூரிக்கு வெளியே அது நன்றாக உயிரோடு இருக்கிறது என்று சொல்பவர்கள் ஒருமுறை கிராமத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். சாவு வீட்டில் இப்போது பேண்டு செட்டும் ஸ்பீக்கர் பெட்டியும் வந்தாகிவிட்டது. வேம்பிலோ பலாவிலோ சட்டம் இழைத்து, தோலை வாரிப் பறை கட்டத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஃபைபர் பறை கடையில் கிடைக்கிறது, சூடு காட்ட வேண்டாம், மழையிலும் அடிக்கலாம். வசதிதான். ஆனால் தோல் சூட்டில் இறுகி மேலேறும் சுதியைக் காதால் பிடிக்கும் பழக்கம் அதோடு போய்விடும். கல்லூரி ஒன்றையும் கொல்லாது என்று சொல்ல வரவில்லை. ஏற்கனவே மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் ஒன்றுக்கு அது ஒரு இடம் கொடுக்க முடியும்.

அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவம் இங்கே பொருந்தும். பாஞ்சோ ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கருவி. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் பாஞ்சோ என்றாலே வெள்ளைக்காரர் வாத்தியம் என்று கறுப்பின இளைஞர்களே நினைத்தார்கள். 2005ல் வட கரோலினாவில் அப்பலாச்சியன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கறுப்பின பாஞ்சோ கலைஞர்களின் கூடுகை ஒன்று நடந்தது. அங்கே சந்தித்துக்கொண்ட மூன்று இளைஞர்கள், ஜோ தாம்ஸன் என்ற வயதான ஃபிடில் கலைஞரின் வீட்டுக்கு வாராவாரம் போய் உட்கார்ந்து கற்றார்கள். 'கரோலினா சாக்லெட் டிராப்ஸ்' என்று குழு அமைத்தார்கள். 2011ல் கிராமி விருது வாங்கினார்கள். பல்கலைக்கழகம் அவர்களுக்குப் பாஞ்சோ கற்றுத்தரவில்லை. தாத்தாவின் வீட்டுக்கு வழிகாட்டியது. ஒரு கல்லூரி செய்யக்கூடிய நல்ல காரியங்களில் அது ஒன்று.

இரண்டாவது எதிர்ப்பு இன்னும் கனமானது. அது தலித் மக்களிடமிருந்தே வருகிறது. "எங்க அப்பன் பாட்டன் சாவு வீட்டு வாசலில் அடித்து அடித்து அவமானப்பட்டது போதாதா? படிக்க வந்த பிள்ளை கையிலும் அதையே கொடுப்பதா?" இனிமேல் ஊர்ச் சாவுக்குப் பறை அடிக்க மாட்டோம் என்று சொன்னதற்காகவே அடி வாங்கியவர்கள் தென்மாவட்டங்களில் உண்டு. அவர்களிடம் போய், "பறை தமிழரின் ஆதி இசை, தொல்காப்பியத்திலேயே ஐந்து நிலத்துக்கும் பறை சொல்லியிருக்கு" என்று பெருமை பேசுவது எளிது. தொல்காப்பியம் கருப்பொருளில் பறையைச் சேர்த்திருப்பது உண்மைதான். ஆனால் அந்தப் பெருமை, கூலி கொடுக்காமல் அடிக்கச் சொன்ன ஊரின் கணக்கைத் தீர்க்காது.

அதனால் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. தப்பு என்று கீழே போட்டவரின் முடிவுக்கும், ஆயுதம் என்று கையில் எடுத்தவரின் முடிவுக்கும் ஒரே அளவு மரியாதை வேண்டும். திண்டுக்கல்லில் சந்திரா என்ற கன்னியாஸ்திரி உருவாக்கிய சக்தி கலைக் குழுவில் ஏழை தலித் வீட்டு இளம்பெண்கள் பறை அடிக்கிறார்கள். பெண்கள் தொடவே கூடாது என்றிருந்த கருவி. அந்தப் பெண்களுக்கு அது அவமானமாகத் தெரியவில்லை, நிமிர்ந்து நிற்கும் வழியாகத் தெரிகிறது. ஒரே கருவிதான். அடிக்கச் சொன்னது யார், மறுக்கும் உரிமை இருந்ததா, கூலி என்ன, அடித்த பிறகு எங்கே உட்கார வைத்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக அலங்காநல்லூரிலும் தமுக்கத்திலும் மாணவர்கள் திரண்டபோது பறை விடாமல் ஒலித்தது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அதற்கு ஆடினார்கள். போராட்டம் முடிந்தது. ஊருக்குப் போனால் அதே பறையை அடிப்பவருக்கு டீக்கடையில் என்ன மரியாதை என்பது மாறிவிட்டதா? மேடையில் ஒரு பொறியியல் மாணவன் அடித்தால் அவன் 'பறை ஆர்ட்டிஸ்ட்'. அதே அடியைக் காலனிப் பையன் சாவு வீட்டில் அடித்தால் அவன் 'தப்படிக்கிறவன்'. கல்லூரியில் பறை பாடமானால் இந்த வித்தியாசம்தான் முதல் பாடமாக இருக்க வேண்டும்.

புளூகிராஸ் கதையிலும் இந்த மறதி உண்டு. பில் மன்றோ சிறுவனாக இருந்தபோது ஊர் நடன விருந்துகளில் யாரோடு சேர்ந்து வாசித்தார் தெரியுமா? ஆர்னால்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினச் சுரங்கத் தொழிலாளியோடு. அவர் கிதாரும் ஃபிடிலும் வாசித்தவர். அவரிடம் கற்றதை மன்றோவே சொல்லியிருக்கிறார். ஆனால் ஷுல்ட்ஸ் வாசித்த ஒரு இசைத்தட்டுகூட இன்று இல்லை. 1931ல் இறந்துவிட்டார். மன்றோவுக்குச் சிலை இருக்கிறது, பட்டப் படிப்பு இருக்கிறது. ஷுல்ட்ஸின் ஒரு நிமிட வாசிப்பைக்கூட யாரும் கேட்க முடியாது. ஆசானை விட்டுவிட்டு இசையை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

மூன்றாவது எதிர்ப்பு வீட்டிலிருந்து வரும்: "இது சோறு போடுமா?" நியாயமான கேள்வி. பி.ஏ. பறை படித்தால் ஐ.டி. கம்பெனியில் வேலை கிடைக்காது. ஆனால் 2022லிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது, பிள்ளைகள் நாட்டுப்புற ஆட்டங்களை ஆடிப் போட்டி போடுகிறார்கள். அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது யார்? யூடியூபும், ஆர்வமுள்ள கணக்கு டீச்சரும்தான் பல இடங்களில். பள்ளிக்கு ஒரு நாட்டுப்புறக் கலை ஆசிரியர் என்று வைத்தால் வேலையும் உண்டு, படித்ததற்குப் பயனும் உண்டு. மிருதங்கம் படித்தவர்களில் எத்தனை பேருக்குக் கச்சேரியில் மட்டும் சோறு கிடைக்கிறது? அவர்களிலும் பலர் சொல்லிக் கொடுத்துத்தான் பிழைக்கிறார்கள்.

இனி ஆசான் விஷயத்துக்கு வருவோம். கல்லூரியில் உதவிப் பேராசிரியராக வேண்டுமென்றால் முதுகலைப் பட்டமும், நெட் தேர்வோ அதற்கு ஈடான தகுதியோ வேண்டும். இசை போன்ற கலைத் துறைகளுக்கு யு.ஜி.சி.யின் 2018 விதிகளில் மரபுக் கலைஞர்களுக்கென்று ஒரு தனி வழி வைத்திருக்கிறார்கள். ஆனால் அதிலும் ஓர் இளநிலைப் பட்டம் கேட்கிறார்கள். பத்து வயதில் அப்பாவோடு சாவு வீட்டுக்குப் போய் அடிக்கத் தொடங்கியவர் எங்கே போய்ப் பட்டம் வாங்குவார்?

"பட்டம் இல்லாதவரை வாத்தியாராகப் போட முடியுமா, தரம் என்ன ஆகும்?" என்று கேட்பவர்கள் கொஞ்சம் பின்னால் திரும்பிப் பார்க்கலாம். 1929ல் சிதம்பரத்தில் அண்ணாமலைச் செட்டியார் இசைக் கல்லூரி தொடங்கினார். அங்கே முதல்வராக இருந்து சொல்லிக் கொடுத்தவர் டைகர் வரதாச்சாரியார். 1949ல் சென்னையில் அரசு கர்நாடக இசைக் கல்லூரி தொடங்கியபோது முதல்வரானவர் முசிறி சுப்பிரமணிய ஐயர். இவர்களை அழைத்தது எந்தப் பல்கலைக்கழகப் பட்டத்தையும் பார்த்து இல்லை, பாட்டைப் பார்த்து. கர்நாடக இசை கல்லூரிக்குள் நுழைந்தபோது வித்வானையும் கூடவே அழைத்துக்கொண்டு வந்தது. யாரும் தரத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. அன்றைக்கு வித்வானுக்குத் திறந்த கதவு இன்றைக்கு ஆசானுக்குத் திறக்காதா?

சட்டத்தில் வழி இல்லாமலும் இல்லை. 2022ல் யு.ஜி.சி. 'பயிற்சிசார் பேராசிரியர்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஒரு துறையில் பதினைந்து வருட அனுபவம் இருந்தால் போதும், பட்டம் கட்டாயமில்லை. மொத்த ஆசிரியர் இடங்களில் 10 சதவீதம் வரை இப்படி நியமிக்கலாம். 2023ல் உள்ளூர்க் கலைஞர்களையும் கைவினைஞர்களையும் கல்லூரிகளில் அமர்த்திக்கொள்ளத் தனி வழிகாட்டுதலும் வந்தது. முதல் திட்டத்தைப் பெரிய கம்பெனி அதிகாரிகளை அழைக்கும் வழியாக மட்டும் பார்க்கும் கல்லூரிகள், அதில் ஒரு நாற்காலியைப் பறை ஆசானுக்குப் போடலாம். ஒரு குறை: அது நிரந்தரப் பணி இல்லை, மொத்தம் நான்கு வருடத்துக்கு மேல் நீடிக்காது. அதனால் இது தொடக்கமாக இருக்கலாம், முடிவாக இருக்கக் கூடாது. மாநில அரசு நினைத்தால் தன் இசைக் கல்லூரிகளில் பட்டத்துக்குப் பதிலாகக் கலைத் தேர்ச்சியை ஏற்கும் நிரந்தர இடங்களை உருவாக்க முடியும்.

அப்படி ஒரு படிப்பு வந்தால் அதில் என்ன இருக்க வேண்டும்? முதல் செமஸ்டரில் பறை கட்டுவது: சட்டம், தோல், சூடு, இரண்டு குச்சிகளின் பிடி. அடுத்து அடிகள். ஆசான் வாயால் சொல்லும் சொற்கட்டைக் காதால் வாங்கி, உடம்பால் ஆடி, கையால் அடிப்பது. எழுதி வைத்துப் படிப்பது அதற்குப் பிறகுதான். மூன்றாவது, ஊர்ப்பயணம். ஒவ்வொரு மாணவரும் ஒரு கலைஞரோடு ஒரு பருவம் இருந்து அவருடைய அடிகளை அவர் பெயரிலேயே பதிவு செய்வது. நான்காவது, கணக்கு: யார் யாருக்காக அடித்தார்கள், என்ன கூலி, யார் மறுத்தார்கள், மறுத்தவருக்கு என்ன ஆனது. இந்த நான்காவது பாடத்தை எடுத்துவிட்டால் மற்ற மூன்றும் வெறும் ஜிம்னாஸ்டிக்ஸ். தேர்வு வைப்பதாக இருந்தால் தனித்தனியாக வைக்காமல் குழுவாக வைக்கலாம். பறை தனியாக அடிப்பதற்கான கருவி இல்லையே!

மாணவர் சேர்க்கையிலும் ஒரு விஷயம் உண்டு. அடிக்கும் குடும்பத்துப் பிள்ளை சேர வந்தால் கட்டணம் வாங்கக் கூடாது. இல்லாவிட்டால் பத்து வருடத்தில் பறைப் பட்டம் வாங்கியவர்கள் எல்லாம் வேறு ஆட்களாக இருப்பார்கள். அடித்த குடும்பத்துப் பிள்ளைகள் விழா வாசலிலேயே நிற்பார்கள்.

2025ல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. பறைக்காக. சாவு வீடுகளில் அடிக்கத் தொடங்கி, ஊர் ஊராகப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்தவர். பெயரோடேயே 'ஆசான்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. மதுரையே கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான். நாட்டின் குடியரசுத் தலைவர் கையால் விருது தரும் அளவுக்குத் தகுதி பெற்ற கலையைக் கல்லூரியில் நடத்த மட்டும் ஒரு பி.ஏ. சான்றிதழ் வேண்டும் என்று விதி சொல்கிறது. இதில் எதை மாற்றுவது சுலபம், விருதையா விதியையா?

அடுத்த பொங்கலுக்கும் கல்லூரி வாசல்களில் பறை ஒலிக்கும். விருந்தினரை அரங்கு வரை கொண்டுபோய் விட்டுவிட்டு அவர்கள் மரத்தடிக்குத் திரும்புவார்கள். அப்போது விசில் அடிக்கும் மாணவர்கள் ஒரு காரியம் செய்யலாம். மரத்தடிக்குப் போய், "அண்ணே, உள்ளே வாங்க, உக்காருங்க. இந்த அடிக்கு என்ன பேரு?" என்று கேட்கலாம். விதி மாறுவதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. முதல் வகுப்பு அங்கேயே ஆரம்பித்துவிடும்.